67 ஆசியா: நுங்கம்பாக்கத்தில் கிடைத்த சிறுகோள்

அடுத்த கேள்வி. "சென்னையிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ஆசியா என்று பெயர் வைத்தார்களாமே, உண்மையா? கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்திருக்கக் கூடாதா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

உண்மைதான். நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வு நிலையத்தில், 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் போக்சன் அதைக் கண்டார். ஆங்கிலேயர், அந்த ஆண்டுதான் நிலையத்தின் பொறுப்பை ஏற்க வந்திருந்தார். வந்த வேகத்தில் ஒரு சிறுகோள்! 67 என்பது வரிசை எண்.

அப்போது வானத்தைப் படமெடுத்துச் சிறுகோள் தேடும் வசதி இல்லை. அந்த முறையில் முதல் சிறுகோள் கிடைத்ததே 1891இல்தான். போக்சன் காலத்தில் விண்மீன் வரைபடத்தை அருகில் வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் தெரிகிற புள்ளிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி தென்பட்டால் அடுத்தடுத்த இரவுகளிலும் பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் சிறுகோளாக இருக்கலாம். நகராமல் ஒளி மட்டும் கூடிக் குறைந்தால் அது மாறொளிர் விண்மீன். அதே நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் கண்டறிந்த ஆர் ரெட்டிகுலி அத்தகையதுதான். கண்ணும் பொறுமையும் வேண்டிய வேலை. மேகம் வந்துவிட்டால் அதுவும் பயன்படாது.

பெயருக்கு வருவோம். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் ஆசியா. ஆனால் அக்காலத்தில் சிறுகோள்களுக்குப் புராணப் பெண்களின் பெயர்களை வைப்பதே வழக்கம். கிரேக்கப் புராணத்தில் ஆசியா என்ற பெண் தெய்வமும் உண்டு என்பதால் சிக்கல் எழவில்லை. மரபையும் மீறாமல், கண்டுபிடித்த இடத்தையும் விட்டுக்கொடுக்காமல் வைத்த பெயர். இந்தச் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிறகு சென்னையிலிருந்தே சாஃபோ, சில்வியா, கமிலா, வேரா ஆகியவற்றையும் அவர் கண்டுபிடித்தார்.

தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வது வழக்கமில்லை. இப்போதும் கண்டுபிடித்தவர் பெயரை முன்மொழியலாம், அவ்வளவுதான். பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழு ஏற்க வேண்டும். அரசியல்வாதி, படைத்தலைவர் என்றால் இறந்து நூறு ஆண்டுகள் கழிய வேண்டும் என்பதும் விதி. நல்ல விதி!

போக்சனுக்கும் பிறகு ஒரு சிறுகோள் கிடைத்தது. 1968இல் சுவிட்சர்லாந்தின் பால் வைல்ட் கண்டுபிடித்தது. பெயர் 1830 போக்சன். அதுவும் ஆசியாவைப் போலவே செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள முதன்மைப் பட்டையில் சுற்றுகிறது.