“ரொம்ப வேகமா இருக்கு”ன்னு சொன்னா நம்பலாமா? பிரௌசர் பிசிக்ஸ் கேமுக்குக் கருத்துக் கேட்கும் முறை

(திரையில்: துறைமுகக் கிரேன். கயிற்றில் ஒரு கொள்கலன் இடமும் வலமுமாக ஆடுகிறது.)

வணக்கம். சிங்கப்பூர் துவாஸ் துறைமுகத்துல வரிசையா நிக்குமே, அந்த மாதிரி ஒரு கிரேன். கயித்துல கொள்கலன் ஆடிக்கிட்டிருக்கு. சரியான நேரத்துல விரலை எடுத்தா கப்பல்ல அடுக்கா உட்காரும், தப்பினா கடல்ல. டவுன்லோடு எதுவும் வேண்டாம், லிங்க்கைத் தட்டினா பிரௌசர்லயே ஓடும். இப்படி ஒரு கேமை நீங்க செஞ்சு முடிச்சிட்டீங்கன்னு வைங்க. இனி நாலு பேர் ஆடிப் பார்த்து கருத்து சொல்லணும்.

ஆபீஸ்ல ஒரு அண்ணன் ஆடிட்டு, “ரொம்ப வேகம் தம்பி, பிடிக்கவே முடியல”ங்கறாரு. அதே லிங்க்கை ஈசூன்ல இருக்கற அத்தைக்கு அனுப்பறீங்க. “என்னடா, தூங்கி வழியுது?”ங்கறாங்க.

யாரு சொல்றது சரி? ரெண்டு பேரும்தான். அவங்க ஆடினது ஒரே கேமே இல்ல.

(திரையில்: இடப்பக்கம் ஃபோன், வலப்பக்கம் பழைய லேப்டாப். ரெண்டிலும் கொள்கலன் ஆடுகிறது, வேகம் வேறு.)

பிரௌசர் ஸ்கிரீனைப் புதுசா வரையற ஒவ்வொரு தடவையும் நீங்க எழுதின புரோகிராமைக் கூப்பிடும். சாதாரண லேப்டாப்ல நொடிக்கு 60 தடவை. இப்போ வர்ற பல ஃபோன்ல 120. “ஒவ்வொரு தடவையும் கொள்கலனை இவ்வளவு நகர்த்து”ன்னு நீங்க எழுதியிருந்தா, அண்ணன் ஃபோன்ல ரெட்டை வேகம். அத்தையோட பழைய லேப்டாப் மூச்சு வாங்கி 30லயே நின்னா, அங்க பாதி வேகம். அண்ணன் பேச்சைக் கேட்டு வேகத்தைக் குறைச்சீங்கன்னா அத்தை அன்னிக்கே கேமை மூடிடுவாங்க.

பிசிக்ஸுக்கு, அதாவது ஆடறது, விழறது, மோதறதுக்கான கணக்குக்கு, தனியா ஒரு கடிகாரம் வைங்க. ஸ்கிரீன் எத்தனை தடவை வரைஞ்சாலும் சரி, போன நேரத்தைச் சேர்த்து வெச்சு, நொடியில 60ல ஒரு பங்கு சேரும்போதெல்லாம் பிசிக்ஸை ஒரு படி நகர்த்துங்க. இன்னொண்ணு, ஆடறவர் நடுவுல வாட்ஸ்அப் பார்க்கப் போயிடுவாரு. அந்த நேரம் பிரௌசர் உங்க கேமை நிறுத்தி வைக்கும். திரும்பி வந்ததும் போன நேரம் மொத்தத்தையும் ஒரே மூச்சுல ஓட்டப் பார்த்தா கேம் திணறி நிக்கும், இல்லன்னா கொள்கலனெல்லாம் பட்டாசு மாதிரி சிதறும். ஒரே தடவையில எவ்வளவு நேரத்தைத்தான் ஓட்டலாம்னு ஒரு வரம்பு போடணும்.

அதனால யார்கிட்டயும் கருத்துக் கேட்கறதுக்கு முன்னாடி, ஸ்கிரீன் மூலையில என்ன ஃபோன், என்ன பிரௌசர், நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை தடவை வரையுதுன்னு சின்ன எழுத்துல காட்டுங்க. குறை சொல்றவங்க ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா பாதி விசாரணை முடிஞ்சது.

(திரையில்: கொள்கலன் பஞ்சு போல மெதுவாக இறங்குகிறது.)

அடுத்த புகார், “நிலாவுல விழற மாதிரி மிதக்குது.” உடனே ஈர்ப்பு விசையைக் கூட்டத் தோணும். கொஞ்சம் பொறுங்க. பாக்ஸ்2டி மாதிரி, கேமுக்குள்ள பிசிக்ஸ் கணக்கைப் பார்த்துக்கற என்ஜின் மீட்டர்லதான் கணக்குப் போடும். நீங்க பிக்சலையே மீட்டரா குடுத்துட்டா, ஸ்கிரீன்ல 600 பிக்சல் விழறது அதுக்கு 600 மீட்டர் விழறது. புவியீர்ப்பு 9.8னு வெச்சா கீழ வர 11 நொடி ஆகும். நூறு பிக்சலை ஒரு மீட்டர்னு மாத்திப் பாருங்க, 1.1 நொடியில டொம்முன்னு விழும். சொன்னவர் சரியாத்தான் சொன்னாரு. அளவுகோல்தான் தப்பு.

“பெட்டி சுவரைத் துளைச்சுப் போயிடுச்சு”ன்னு சொன்னா, நொடிக்கு 3000 பிக்சல் வேகத்துல போற சின்னப் பெட்டி ஒவ்வொரு படிக்கும் 50 பிக்சல் தாண்டுது. சுவர் 20 பிக்சல்தான்னா, இந்தப் பக்கம் இருந்தது அடுத்த கணக்குல அந்தப் பக்கம் இருக்கலாம், மோதினதே என்ஜினுக்குத் தெரியாமப் போகலாம். “சத்தமே வரல”ன்னா, ஆடறவர் ஒரு தடவை தொடற வரைக்கும் பல பிரௌசர் ஒலியை விடாது. “இழுத்தா பக்கமே நகருது”ன்னா, விரல் அசைவை பிரௌசர் ஸ்க்ரோல்னு எடுத்துக்குது. இதெல்லாம் ஒரு மத்தியான வேலை.

இனி வர்றதுதான் நேரம் எடுக்கும்.

(திரையில்: புளோக்கின் கீழ்த்தளம், கல் மேசை. ஒரு சிறுவனின் விரல், அருகில் ஃபோன்.)

தொடக்கப்பள்ளி அஞ்சாவது படிக்கற பையன். அவங்க அம்மாகிட்ட அனுமதி கேட்டாச்சு, பேர் எதையும் எழுதி வைக்கல. ஃபோனைக் குடுத்துட்டுப் பக்கத்துல உட்காருங்க. எப்படி ஆடறதுன்னு சொல்லாதீங்க. நீங்கதான் செஞ்சதுன்னும் சொல்லாதீங்க, சொன்னா நம்மாளுங்க “நல்லாருக்கு”ன்னு ஒரு வார்த்தையில முடிச்சிடுவாங்க. கண்ணு அவன் விரல் மேலயே இருக்கட்டும்.

கொள்கலன் கப்பலுக்கு நேர் மேல வருது. பையன் விரலை எடுக்கறான். அது கீழ விழாம சரிஞ்சு போய்க் கடல்ல விழுது. மறுபடி அதே இடம், மறுபடி கடல். “ஏமாத்துது”ங்கறான்.

இங்க ஃபோன்லயும் குறையில்ல, புரோகிராம்லயும் குறையில்ல. ஊஞ்சல் அடியில வர்றப்பதான் வேகம் அதிகம், அங்க விட்டா பக்கவாட்டுல பறக்கத்தான் செய்யும். ரெண்டு ஓரத்துல ஒரு கணம் நிக்குது பாருங்க, அங்க விட்டாத்தான் நேரா விழும். நடந்துக்கிட்டே ஒருத்தர் கையில இருக்கற பந்தை விட்டா அது நேர் கீழதான் விழும்னு பெரியவங்களே பல பேர் நினைக்கறதை மைக்கேல் மெக்கிளாஸ்கிங்கற உளவியல் ஆய்வாளர் 1983லயே எழுதியிருக்காரு. பையன் மேல குத்தமில்ல.

அதனால “பிடிச்சிருக்கா?”ன்னு கேட்காதீங்க. பிசிக்ஸ் கேமுக்கு நான் முதல்ல கேட்கற கேள்வி, அதுவும் விரலை எடுக்கறதுக்கு முன்னாடி: “தம்பி, இப்ப விட்டா எங்க விழும்?” அவன் விரலால காட்டற இடத்துக்கும் பெட்டி விழுந்த இடத்துக்கும் நடுவுல இருக்கற தூரம்தான் உங்களுக்கு வேணுங்கற கருத்து. பத்து ஆட்டத்துல அந்தத் தூரம் குறைஞ்சுக்கிட்டே வந்தா கேம் தானா கத்துக்குடுக்குது, எதையும் தொடாதீங்க. குறையலைன்னா முதல் கட்டத்துல கயித்தை நீளமாக்குங்க. நாலு மடங்கு நீளத்துக்கு ஊசல் ஒரு தடவை போய் வர ரெட்டை நேரம் எடுக்கும், ஓரத்துல நிக்கறது கண்ணுக்குத் தெரியும். இல்ல, போன பெட்டி விழுந்த பாதையை மங்கலான புள்ளிக்கோடா விட்டு வைங்க. ரெண்டையும் ஒரே நாள்ல செய்யாதீங்க, எதனால சரியாச்சுன்னே தெரியாமப் போயிடும்.

பையன் இப்ப கத்துக்கிட்டான், அவனை வெச்சு முதல் கட்டத்தை இனி சோதிக்க முடியாது. சமூக மன்றத்துக்கு வர்ற பிள்ளைங்க, தேக்கா உணவங்காடியில பார்க்கற சிநேகிதர், எதிர்வீட்டு ஆன்ட்டின்னு தெரிஞ்சவங்க எல்லாருக்கும் லிங்க்கை ஒரே ராத்திரியில அனுப்பிடாதீங்க. இன்னிக்கு மூணு பேர் போதும். மத்தவங்களைப் புள்ளிக்கோடு போட்ட பிறகு கூப்பிடலாம்.