வகுப்பின் முன் ஒன்றரை நிமிடம்

பேராசிரியப் பெருமக்களுக்கும், பொறியியல் முதலாண்டில் சேர்ந்திருக்கும் மாணவ மாணவியருக்கும் என் அன்பான வணக்கம்.

நாளை முதல் நீங்கள் ஒவ்வொருவரும் வகுப்பின் முன் வந்து நின்று உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளப் போகிறீர்கள். அந்தச் சிறிய பேச்சுக்கு எப்படி ஆயத்தமாவது என்பதைச் சொல்வதற்காகவே என்னை அழைத்திருக்கிறார்கள். இன்று இரவு நீங்கள் ஒரு மணி நேரம் செலவிட்டாலே போதும், இதைச் செம்மையாகச் செய்துவிடலாம் என்பது என் உறுதியான நம்பிக்கை.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பிரிவில் 60 பேர் இருக்கிறீர்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 2 மணி நேரம் ஆகும். நீங்கள் 37ஆவதாக எழுந்திருக்கும்போது, உங்களுக்கு முன் 36 பேர் பெயர், தந்தையின் பெயர், ஊர், பத்தாம் வகுப்பு மதிப்பெண், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், கட்-ஆஃப், பொழுதுபோக்கு என்று ஒரே வரிசையில் சொல்லி முடித்திருப்பார்கள். விண்ணப்பப் படிவத்தில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த அந்தச் செய்திகளில் எதுவும் பொய்யில்லை, ஆனால், அவற்றைக் கேட்டவர்களில் ஒருவராவது இடைவேளையில் எழுந்து வந்து, "நீ சொன்னாயே, அது என்ன?" என்று கேட்பதற்கு அவற்றில் எதுவும் இல்லை. அறிமுக உரையின் வேலை அந்தக் கேள்வியை வரவழைப்பதுதான் என்று நான் கருதுகிறேன்.

திருக்குறளில் அவை அறிதல் 72ஆம் அதிகாரம், அவை அஞ்சாமை 73ஆம் அதிகாரம். அறிதல் முன்னே நிற்கிறது. அஞ்சாமை அதன்பின் வருகிறது. மேடையேறப் பயப்படும் மாணவர்களிடம் நான் எப்போதும் இந்த வரிசையைத்தான் சொல்வேன். பயத்தைப் போக்க வழி தேடுவதற்கு முன், எதிரே இருப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே இருப்பவர்கள் நேர்முகத் தேர்வு நடத்துபவர்கள் அல்லர். உங்களைப் போலவே ஊரை விட்டு வந்து, விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, யாரோடு சேர்ந்து படிப்பது, ஆய்வகத்தில் யார் நம் குழுவில் இருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது உங்கள் கட்-ஆஃப் 200க்கு எவ்வளவு என்பதன்று. உங்களிடம் வந்து எதைப் பற்றிப் பேச்சைத் தொடங்கலாம் என்பதே.

ஆகவே, ஆயத்தத்தின் முதல் வேலை எழுதுவது அன்று, தேர்ந்தெடுப்பது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாத ஒரே ஒரு செய்தியைத் தேர்ந்தெடுங்கள். அது சாதனையாக இருக்க வேண்டியதில்லை. பரிசு வாங்கியதைச் சொன்னால் கைதட்டுவார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். நீங்கள் பார்த்து வளர்ந்த ஒரு தொழிலையோ, கையால் செய்யத் தெரிந்த ஒரு வேலையையோ சொன்னால் கேள்வி பிறக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். வேதாரண்யத்திலிருந்து வரும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். முதலில் எழுதும்போது அவர், "என் ஊர் வேதாரண்யம், அப்பா கூலி வேலை செய்கிறார், எனக்குப் புத்தகம் படிப்பதில் ஆர்வம் உண்டு" என்று எழுதுகிறார். அப்பா எங்கே வேலை செய்கிறார் என்று நாம் கேட்டால், உப்பளத்தில் என்கிறார். உப்பளத்தில் என்ன நடக்கும் என்று மேலும் கேட்டால்தான் பேச்சு வருகிறது. இரண்டாம் முறை அவர் எழுதுவது இப்படி அமையலாம்: "என் பெயர் செல்வி. வேதாரண்யத்திலிருந்து வருகிறேன். எங்கள் ஊரில் கோடை மழை பெய்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் மகிழ்ச்சி இருக்காது. அப்பா உப்பளத்தில் வேலை செய்கிறார்; பாத்தியில் விளைந்து கிடக்கும் உப்பை ஒரு மழை கரைத்துவிடும். அதனால் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் வானிலைச் செய்திதான் முதலில் ஓடும். மழை வருவதை எந்தக் கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று சிறுவயதிலேயே கேட்டுக்கொண்டிருப்பேன். மின்னணுவியல் பாடத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். உங்களில் யாருக்காவது உப்பு விளைவதைப் பார்க்க ஆசை இருந்தால், விடுமுறையில் என்னோடு வாருங்கள். நன்றி."

இதில் மதிப்பெண் இல்லை, பொழுதுபோக்கு இல்லை. ஆனால் ஊர், வீடு, தொழில், இந்தப் பாடத்துக்கு வந்த காரணம் ஆகிய நான்கும் ஒன்றிலிருந்து ஒன்றாக வருகின்றன. கடைசி வாக்கியம் கேட்பவரை உள்ளே அழைக்கிறது. நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1924இல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய, மேடைப் பேச்சுப் பயிற்சி தரும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களிலும் புதிதாகச் சேருபவரின் முதல் உரை தன்னைப் பற்றியதாகவே இருக்கிறது. அங்கே அதற்கு 4 முதல் 6 நிமிடம் தருகிறார்கள். அவ்வளவு நேரம் உங்களுக்கு இல்லை. இருக்கும் நேரத்துக்கு ஒரு செய்தி போதும்.

எதைச் சொல்ல வேண்டும் என்பதைப் போலவே, எதைச் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இதை நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன தொழில் என்று நம் நாட்டில் அடுக்கப்படும் கேள்விகள் பல வேளைகளில் சாதியை அறிந்துகொள்ளும் சுற்றுவழியாக இருக்கின்றன. செல்வி தன் தந்தையின் தொழிலைச் சொல்வது அவருடைய விருப்பம். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்தீர்களா என்பதும் வகுப்பு கேட்டறிய வேண்டிய செய்தியன்று. தந்தையை இழந்தவர்களும் பெற்றோர் பிரிந்து வாழ்பவர்களும் இந்த அவையில் இருக்கலாம். அவர்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் தங்களை முழுமையாக அறிமுகப்படுத்திக்கொள்ளலாம். விடுதி வராந்தாவில் நிறுத்தி "இன்ட்ரோ கொடு" என்று மூத்த மாணவர்கள் மிரட்டுவதற்கும் நாளைய நிகழ்ச்சிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது, தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடை செய்யப்பட்ட குற்றம்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் பேச வேண்டுமே என்ற கவலை இருக்கும். உங்கள் வகுப்பில் இரண்டு மொழியிலும் பேசலாம் என்று துறைத்தலைவர் சொல்லியிருக்கிறார். அதை மனமார வரவேற்கிறேன். ஆங்கிலத்தில்தான் பேசிப் பார்க்க வேண்டும் என்று விரும்புபவர்கள், வேறொருவர் எழுதித் தந்த நீண்ட வாக்கியங்களை மனப்பாடம் செய்யாமல், தங்களுக்குத் தெரிந்த சொற்களாலான ஐந்து சிறு வாக்கியங்களோடு வாருங்கள். மனப்பாடம் செய்தவருக்கு நடுவில் ஒரு சொல் மறந்தால் முழுதும் மறந்துபோகும். அதனால் தமிழில் பேசுபவர்களும் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் நெஞ்சில் பதித்துக்கொண்டு, இடையில் வர வேண்டியவற்றுக்கு மூன்று நான்கு சொற்களை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டால் போதும்.

இன்று இரவு அறையில் எழுந்து நின்று, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது பயிற்சி ஆகாது. மூச்சு எங்கே முட்டுகிறது என்பது வாய் திறந்தால்தான் தெரியும். கைபேசியில் பதிவு செய்து நேரத்தைப் பாருங்கள். ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் வேகத்தைக் கூட்டாதீர்கள், ஒரு வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். பதிவைக் கேட்கும்போது உங்கள் பெயரைச் சொல்லும் இடத்தைக் கூர்ந்து கேளுங்கள். நமக்கு மிகவும் பழகிய சொல் என்பதால் நம் பெயரைத்தான் நாம் மிக வேகமாகச் சொல்கிறோம். மின்விசிறிகள் ஓடும் அறையில் கடைசி வரிசைக்குப் போய்ச் சேராமல் போவதும் பெரும்பாலும் அதுவே. வந்து நின்றதும் ஒரு மூச்சு எடுங்கள். கடைசி வரிசையைப் பாருங்கள். பெயரைச் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துங்கள். பிறகு தொடருங்கள்.

கேட்பவர்களுக்கும் ஆயத்தம் வேண்டும். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் பேசுபவரின் பெயரையும், அவர் சொன்னதில் உங்களுக்குப் பிடித்த ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். யாருக்காவது சொல் திக்கினால், அந்தச் சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்காமல், அவரே சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.

ஒரே நாளில் 60 பேரும் பேசினால் கடைசியில் வருபவர்களைக் கேட்க யாருக்கும் தெம்பு இருக்காது. எனவே நாளொன்றுக்கு 20 பேர் வீதம் மூன்று நாட்கள், முதல் பாடவேளையில் மட்டும் இதை நடத்தும்படி பேராசிரியர்களைக் கேட்டுக்கொண்டேன், ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் வகுப்பிலிருந்து ஒரு கேள்விக்கு நேரம் உண்டு. பள்ளிப் பருவம் முழுதும் அகரவரிசையின் கடைசியில் காத்திருந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். நாளை காலை வருகைப் பதிவேட்டின் 60ஆம் எண்ணிலிருந்து தொடங்குகிறோம். வணக்கம்.