திண்ணை வரை வரும் படிப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், தோளில் பையும் கையில் கோப்புமாக நாலைந்து செவிலியர் மாணவிகள் தெருவில் நடந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது மாணவர்களும் வருகிறார்கள். அவர்கள் எதற்காக வருகிறார்கள், வந்தால் என்ன செய்ய வேண்டும், எங்கே தவறிப்போகிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் தொடங்கியது. அங்கே மருத்துவக் கல்லூரி வந்தது 1985-இல். ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியும் அந்த அண்ணாமலை நகரில்தான் இருக்கிறது. 2013-இல் தனிச் சட்டம் கொண்டுவந்து பல்கலைக்கழக நிர்வாகத்தை அரசு ஏற்றது. அரசுக் கல்லூரிக்கு உரிய கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று மருத்துவ மாணவர்கள் போராடினார்கள். அதன் பிறகு 2021 ஜனவரியில் மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம் ஆகிய மூன்று கல்லூரிகளும் மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் வந்தன. அதே காலத்தில் பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டமும் நாடு முழுக்க மாறியது. நான்கு ஆண்டுப் படிப்பு எட்டு பருவமாயிற்று. மாணவிகளைக் கிராமத்துக்கு அனுப்புகிற பாடமான சமூக நலச் செவிலியம் ஐந்தாம் பருவத்திலும் ஏழாம் பருவத்திலும் வருகிறது. பெயர்ப் பலகையும் பாடத்திட்டமும் மாறினாலும், மாணவி போய் நிற்கிற தெரு அதே தெருதான். அந்தத் தெருவுக்கு இந்த மாற்றங்களால் என்ன கிடைத்தது என்பதுதான் என் அக்கறை.

வீட்டுக்குப் போகிற மாணவி முதலில் கற்பது பையைக் கையாளும் முறை. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் ஒரு வீட்டுக் கிருமியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகாமல் தடுப்பது இதுதான். பையைத் தரையில் வைக்கக் கூடாது. திண்ணையிலோ பெஞ்சிலோ செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைக்க வேண்டும். சோப்பும் துண்டும் வெளிப்பக்க உறையில் இருக்கும். அதை எடுத்துக் கையைக் கழுவிய பிறகுதான் பையைத் திறக்கலாம். தேவையானதை எல்லாம் ஒரே தடவையில் எடுத்துவிட்டு மூடிவிட வேண்டும். வேலை முடிந்ததும் கருவிகளைத் துடைத்து, மறுபடி கையைக் கழுவி, அதன் பிறகே திரும்ப உள்ளே வைக்க வேண்டும். செய்தித்தாளைத் திண்ணையிலோ பெஞ்சிலோ பட்ட பக்கம் உள்ளே போகும்படி மடிக்க வேண்டும். மூன்றாவது, நான்காவது வீட்டில்தான் இந்த ஒழுங்கு குலையும். வெயில் ஏறிவிடும், கை கழுவத் தண்ணீர் கேட்கக் கூச்சமாக இருக்கும். கூச்சப்படாமல் ஒரு செம்புத் தண்ணீர் கேளுங்கள் என்று மாணவிகளுக்குச் சொல்கிறேன். கேட்கும் முன்பே கொடுங்கள் என்று வீட்டுக்காரர்களுக்குச் சொல்கிறேன்.

அடுத்தது ரத்த அழுத்தம். பி.பி. பார்க்க நம் திண்ணையைவிட நல்ல இடம் கிடையாது. முதுகுக்குச் சுவர் இருக்கிறது, நிழலும் இருக்கிறது. ஆனால் உயரமான திண்ணையில் கால் தொங்கும். கால் தொங்கினாலும், கால்மேல் கால் போட்டாலும் அளவு கூடிவிடும். இரண்டு செங்கல்லையோ ஒரு மணையையோ காலுக்கடியில் வைத்தால் போதும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காப்பி, டீ, புகையிலை கூடாது. கை நெஞ்சு மட்டத்துக்கு இருக்க வேண்டும். மடியில் தலையணை வைத்து அதன்மேல் கையை வைக்கலாம். இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டால் அதுவே ஒரு கட்டுப்போல் கையை இறுக்கும். ரவிக்கைமேலேயே பட்டையைச் சுற்றினாலும் தவறு. கை பெரிதாக இருப்பவருக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை பார்த்து, இரண்டையும் எழுத வேண்டும். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு "உங்களுக்கு பிரஷர் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனால் அந்த வீட்டில் அன்றிரவு யாருக்கும் தூக்கம் வராது.

சர்க்கரைப் பரிசோதனையிலும் இப்படித்தான். வெல்லம், வாழைப்பழம் தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் எண் எகிறும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுப்பது நல்லது. ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியை உடனே மூட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் திறந்துகிடந்த ஸ்ட்ரிப்பை நம்ப முடியாது. குத்திய ஊசியை அதற்கான கெட்டி டப்பாவில்தான் போட வேண்டும், வீட்டுக் குப்பையில் போடக் கூடாது.

இனி வெள்ளம். கொள்ளிடக் கரையிலும் வீராணத்துக்குக் கீழேயும் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2004 சுனாமியும் 2011 டிசம்பர் 30 தானே புயலும் கடலூர்க் கடற்கரையை அடித்தவை. தண்ணீர் வடிந்ததும் ஊருக்கு முதல் தேவை சுத்தமான குடிநீர். மாணவர்கள் கையோடு செய்து பழக வேண்டிய வேலை கிணற்றுக்குக் குளோரின் போடுவது.

கிணற்றின் விட்டத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நான்கால் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். அதை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். இரண்டு மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 9,400 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் இந்தக் கிணற்றுக்குச் சுமார் 24 கிராம் வேண்டும். அதை அப்படியே கிணற்றில் கொட்டக் கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பசையாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளிக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட வேண்டும். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அது கிணற்றில் இறங்கினால் தண்ணீரின் கடினத்தன்மை கூடும். மேலே தெளிந்ததை மட்டும் வேறொரு வாளியில் இறுத்து, கயிறு கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, மேலும் கீழும் நன்றாக ஆட்ட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து, தண்ணீரில் மிஞ்சிய குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் கருவியில் பார்த்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் போட்ட அளவு போதவில்லை. கலங்கிய வெள்ளத் தண்ணீர் குளோரினைக் குடித்துவிடும். அதனால் வெள்ளத்துக்குப் பிறகு அளவு கூடுதலாகவே தேவைப்படும். வாய் திறந்த மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் வீரியமும் இருக்காது. வாசனை வருகிறதே, போதும் என்று விடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

அதே நாட்களில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாதிப் பொடியை டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறிப்போகும், குழந்தைக்கு ஆபத்து. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இல்லாத வீடு இன்று இல்லை, அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். கரைத்ததைக் கொதிக்க வைக்காதீர்கள். 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். இரண்டு வயதுக்குக் கீழே ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி. துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் ஒன்று குறைந்தால் பாதி உழைப்பு வீண். அது தொடர்ச்சி. மாணவிகளுக்குக் கிராமப் பயிற்சி சில வாரம்தான். அந்தக் குழு போனதும் அடுத்த குழு வந்து, அதே வீட்டில் அதே கேள்வியை முதலிலிருந்து கேட்கும். "போன தடவையும் எழுதிட்டுப் போனாங்களே" என்று அம்மாக்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. குடும்பக் கோப்பு மதிப்பெண்ணுக்காக எழுதி அலமாரியில் வைக்கிற நோட்டாகிவிடக் கூடாது. அதில் பார்த்த பி.பி., பார்த்த தேதி, யாரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம், போனார்களா என்ற நான்கும் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் நகல் அந்த ஊர் கிராம சுகாதாரச் செவிலியர் கையில் போய்ச் சேர வேண்டும். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அத்தனை வீட்டையும் ஒருவர் தனியாக நடந்து பார்ப்பது எப்படி? 2021 ஆகஸ்டில் அரசு கொண்டுவந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. புதிதாக அழுத்தம் கூடியவரை மாணவி கண்டுபிடித்து, அந்தப் பெயரைப் பட்டியலில் ஏற்றச் சொன்னால்தான் இரண்டு வேலையும் ஒன்றுசேரும்.

தொடர்ச்சி அறுகிற இடம் இன்னொன்று உண்டு, தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். புகுந்த ஊர் நர்ஸம்மா கதவைத் தட்டினால் ஆளில்லை. பிறந்த ஊர் நர்ஸம்மாவுக்கோ அவள் வந்தது தெரியாது. குழந்தை பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் பார்க்க வேண்டிய வீட்டுப் பார்வை இந்த இடைவெளியில்தான் விழுந்துபோகிறது. அந்தப் பார்வைகளில் கவனிப்பது பெரிய வித்தை இல்லை. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். 60-ஐத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ, பால் குடிக்காவிட்டாலோ உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். தொப்புளில் எண்ணெய், சாம்பல், மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது. தாய்க்கு சத்து மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கிறது என்று அட்டையை வாங்கி எண்ண வேண்டும். "சாப்பிடுறேன்" என்ற பதிலை மட்டும் எழுதிக்கொண்டு வரக் கூடாது. மலம் கறுப்பாகப் போகிறதென்று பயந்து நிறுத்தியிருப்பார்கள், அது மாத்திரையின் நிறம்தான். டீயோடு விழுங்குவார்கள், அப்படிச் செய்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். தாய்வீடு கிளம்பும்முன், கர்ப்பத்தைப் பதிவுசெய்தபோது கொடுத்த பிக்மி எண்ணும் தாய் சேய் அட்டையும் பையில் இருக்கிறதா என்று மாமியார் பார்த்து அனுப்ப வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடவும் களையெடுப்பும் நடக்கிற நாளில் காலை பத்து மணிக்குப் போனால் தெரு முழுக்கப் பூட்டுத்தான். வயலுக்குப் போனவர்கள் திரும்பி, குளித்து, சாப்பிட்டு முடித்த பிற்பகல்தான் பேசத் தோதான வேளை. கல்லூரிப் பேருந்தின் நேரத்தை அதற்கேற்ப மாற்ற முடியும், மாற்ற வேண்டும். நேயர்களே, உங்கள் வீட்டுக்கு மாணவிகள் வந்தால் சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் ஒரே பையில் போட்டு எடுத்து வையுங்கள். எந்த நேரத்தில் வந்தால் வீட்டில் ஆள் இருப்பீர்கள் என்பதைச் சொல்லி, அதைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.