உறவுமுறை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

குடியை விடுகிறேன் என்று ஒருத்தர் சொல்வது பல சமயம் ஒரு ராத்திரிகூடத் தாங்காது, அதனால் அது தாங்கும்போதே ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். என் தோழி ஒருத்தியை அப்படித்தான் அவசரமாக ஒரு மறுவாழ்வு மையத்துக்கு அழைத்துப் போனோம், நானும் அவளோடு ஒன்பது வருஷமாக வாழும் பெண்ணும். எந்த மையம் என்று கேட்காதீர்கள்.

படிவத்தில் 'உடன் வந்தவர், உறவுமுறை' என்று ஒரு கட்டம். அந்தப் பெண் பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள், அப்புறம் 'சித்தி மகள்' என்று எழுதினாள். அவ்வளவுதான், சிகிச்சை அங்கேயே கோணலாகிவிட்டது. எப்போதிலிருந்து குடிக்கிறீர்கள், எந்தக் கவலையில், ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கவுன்சலர் கேட்கக் கேட்க, தோழி ஒவ்வொரு பதிலிலும் சித்தி மகளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. குடும்பக் கூட்டத்துக்கு அம்மாவை வரச்சொன்னார்கள். பதினோராம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எங்களுக்கு அப்போது ஒரு விஷயம் தெரியாது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் குடி, போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்புகளுக்கும் பொருந்தும். தன் சார்பில் பேச யார் வேண்டும் என்பதை நோயாளியே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். ரத்த சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. பாலீர்ப்பை, அதாவது ஒருவருக்கு யார்மேல் ஈர்ப்பு வருகிறது என்பதை, காரணம் காட்டிச் சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

சட்டம் இருந்தால் போதுமா? போதாது. அதனால் சேரும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள்: "என் துணையும் பெண்தான், குடும்பக் கூட்டத்துக்கு அவர் வரலாமா?" பதிலைவிட, பதில் வருவதற்கு முன் எவ்வளவு நேரம் மௌனமாக இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். "அதையும் சேர்த்தே குணப்படுத்திடலாம்" என்றால் போனை வைத்துவிடுங்கள். அப்படிப் பாலீர்ப்பை 'மாற்றும்' வேலைக்குத் தடை வேண்டும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொன்னார், அடுத்த வருஷமே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. குணப்படுத்த வேண்டியது குடியை மட்டும்தான்.

எங்கே விசாரிப்பது? சென்னையில் ஓரினம் என்ற அமைப்பு தன்பால் ஈர்ப்புள்ள நம்மைப் புரிந்துகொள்ளும் மனநல ஆலோசகர்களின் பட்டியலை வைத்திருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம். 14446 மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரண்டும் இலவசம். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்குக் கட்டணமே கிடையாது, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றுதான் தகுதி. ஆனால் எல்லாக் குழுவும் ஒரே மாதிரி இருக்காது, ஒன்று ஒத்துவரவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். தினமும் அதிகமாகக் குடித்தவர், நல்ல இடம் கிடைக்கும்வரை வீட்டிலேயே நிறுத்திப் பார்க்கிறேன் என்று உட்காரக் கூடாது. கை நடுக்கத்தில் தொடங்கி ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அரசு மருத்துவமனையோ எதுவோ, முதலில் டாக்டரிடம் போங்கள். மனசுக்குப் பிடித்த கவுன்சலரை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

தோழி இரண்டாவது முறை வேறோர் இடத்தில் சேர்ந்தாள். அதே மாதிரி படிவம், அதே கட்டம். இந்த முறை அந்தப் பெண் 'துணைவி' என்று எழுதிக் கொடுத்தாள். கவுன்ட்டரில் இருந்த அம்மா படித்துவிட்டு, "போன் நம்பர் எழுதலையேம்மா" என்று படிவத்தைத் திருப்பி நீட்டினார்.