எட்டாம் நம்பர் பூட்ஸ்

(உலக வன நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பொன்னாடையோடு ‘முனைவர்’ பட்டத்தையும் சேர்த்துப் போர்த்திவிட்ட செயலாளர் அவர்களே (நான் ஓய்வுபெற்ற வனவர், படித்தது எஸ்.எஸ்.எல்.சி.), மாலை வாங்கப் போய் இன்னும் வந்துசேராத பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் சீருடையோடு அமர்ந்திருக்கும் வனக்காப்பாளர் தங்கைகளே, வணக்கம்.

காட்டு வேலையில் பெண்கள் பற்றி மூன்று விஷயம் பேசுவேன். வேலை, சட்டம், பதவி உயர்வு. தலைவர் கையில் மணி இருப்பதையும் பார்த்துவிட்டேன்.

‘வீடு போபோ என்கிறது, காடு வாவா என்கிறது’ என்பார்கள். கிழவர்களுக்குச் சொன்னது, எனக்கும் அந்த வயசுதான். ஆனால் பெண்களைக் காடு எந்த வயசிலும் வாவா என்றுதான் கூப்பிட்டிருக்கிறது. விறகு, சீமாறு, நெல்லிக்காய், நாற்றுப்பண்ணையில் பை நிரப்பும் கூலிவேலை. சம்பளம், சீருடை என்று வந்தபோதுதான் ஆபீஸ் போபோ என்றது.

1974 மார்ச் 26. இமயமலையில் ரேணி கிராமம். ஆண்களை இழப்பீட்டுப் பணத்துக்காகச் சமோலி நகருக்கு வரவழைத்துவிட்டு, மரம் வெட்ட ஆள் அனுப்பினார்கள். அந்த ஊர்க் கௌரா தேவியோடு 27 பெண்கள் போய் மறித்தார்கள். காவலுக்கு அவர்களுக்கு யார் சம்பளம் கொடுத்தது? இந்திய வனப்பணி 1966இல் வந்தது, முதல் பெண் அதிகாரிகள் சேர்ந்தது 1980இல். பதினான்கு வருடம். ராமாயணக் கணக்கு! 2007இல் குஜராத்தின் கிர் காட்டில் பெண்களைக் காவலுக்கு எடுத்தார்கள். சிங்கம் எதுவும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

ஒரு கதை சொல்கிறேன். என் சரகத்தில் ஒரு வனக்காப்பாளர் பெண் புதிதாகச் சேர்ந்தாள். கால் அளவு நான்கு. கொடுத்த பூட்ஸ் எட்டு. கேட்டதற்கு “இதுதான்மா இருக்கு” என்றார்கள். பழைய பேப்பரை உள்ளே திணித்துக்கொண்டு ரோந்துக்கு வருவாள். “சார், தலையங்கம் குத்துது” என்பாள். ஒருநாள் சாயங்காலம் ஓடையில் இறங்கினோம். மூங்கில் புதரில் மடமடவென்று சத்தம். ஒற்றை யானை! ஓடு என்று நான் வாயெடுப்பதற்குள் பெண் அக்கரையில். பூட்ஸ் இரண்டும் சேற்றிலேயே நிற்கின்றன. அரை கிலோமீட்டர் முள்ளில் வெறுங்கால். காலையில் போய்ப் பார்த்தால் ஒன்று அப்பளமாகக் கிடந்தது, இன்னொன்றைக் காணோம். முடிந்ததா? அரசுச் சொத்தைத் தொலைத்ததற்கு மெமோ வந்தது. அவள் எழுதிய பதில் எனக்கு மனப்பாடம்: “மேற்படி பூட்ஸை யானை பெற்றுக்கொண்டது. ரசீது தரவில்லை.”

சிரிக்கிறீர்கள். அந்தக் காலில் முள் எடுத்தவன் நான். எனக்குச் சிரிப்பு வர ஒரு வாரம் ஆனது.

கழிப்பறை இல்லாத முகாமும் எட்டாம் நம்பர் பூட்ஸ்தான். ரோந்து நாளில் தண்ணீரே குடிப்பதில்லை என்கிறார்கள் தங்கைகள். காடு வாவா என்கிறது, முகாம் போபோ என்கிறது.

சட்டத்துக்கு வருகிறேன். காட்டில் வாழ்கிறவர்களுக்கான 2006 வன உரிமைச் சட்டம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பட்டா தரச் சொல்கிறது. வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். அந்தக் குழுவில்... மணி அடித்துவிட்டார். பதவி உயர்வு, வழக்கம்போல, அடுத்த வருடம்.

அவரவர் அளவில் பூட்ஸ், முகாம்தோறும் கதவுள்ள கழிப்பறை. இதற்கான மனு டீ மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் கையெழுத்து தலைவருடையது என்று அவரைக் கேட்காமலே அறிவிக்கிறேன். பேனாவை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இருப்பது ஒன்றுதான்.