நெய் யாருடையது?

அவைத் தலைவர் அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, மணியடிக்கக் கையை ஓங்கியபடி காத்திருக்கும் தம்பி அவர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, வணக்கம். நாம் கூடியிருக்கும் இந்தச் சிட்னிப் பரமட்டா மண், ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளான தாருக் மக்களுடையது. அவர்களின் மூத்தோரை வணங்கித் தொடங்குகிறேன்.

ஊருக்குப் போகும்போது வாங்கிப் போகிறோமே, பூர்வகுடிகளின் புள்ளி ஓவியம் போட்ட ஸ்கார்ஃப், மூக்குக்கண்ணாடிக் கூடு, துணிப்பை? அவற்றைப் பற்றி மூன்று செய்திகள்: ஓவியத்தின் பொருள், அதற்கான உரிமைச் சட்டம், பார்த்து வாங்கும் முறை.

இந்த ஓவியங்கள் சொல்லும் 'ட்ரீமிங்' என்பதைக் கனவு என்று சொல்லிவிடுகிறோம். நடு ஆஸ்திரேலியாவில் யுவெண்டுமு ஊரின் வார்ல்பிரி மக்களுக்கு அது 'ஜுகுர்பா'. முன்னோர் நடந்து நடந்து நிலத்தை உண்டாக்கிய வரலாறு, இன்றும் செல்லுபடியாகும் சட்டம். லாட வடிவக் கோடு உட்கார்ந்திருக்கும் ஆள். பக்கத்தில் நேர்க்கோடாகத் தோண்டுகோல் இருந்தால் அவள் பெண். வட்டத்துக்குள் வட்டம் நீர்ச்சுனையாகவோ தங்குமிடமாகவோ இருக்கும். உரிமை உள்ளவர்தான் அந்தக் கதையைத் தீட்டலாம்.

'ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே' என்பார்கள். இந்த நாட்டு ரிசர்வ் வங்கியே அப்படிப் பரிமாறியது! 1966 பிப்ரவரி 14, டாலர் பணம் புழக்கத்துக்கு வந்த நாள். ஒரு டாலர் நோட்டைத் திருப்பினால் ஒரு மரப்பட்டை ஓவியம். குர்மிரிங்கு என்ற ஆதி வேட்டைக்காரனின் ஈமச் சடங்கு. பாரிஸுக்குப் போயிருந்த ஓவியத்தின் புகைப்படத்தை வைத்து வரைந்தார்கள். தீட்டியவர் யாரோ பழங்காலத்து ஆள் என்று எண்ணி, ஒருவரையும் கேட்கவில்லை. அவரோ வட ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் லாண்டில் உயிரோடு இருந்தார்! பெயர் டேவிட் மலாங்கி. அங்கிருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் ஓவியத்தை அடையாளம் கண்டு சொன்ன பிறகுதான் வங்கி விழித்தது. வங்கி ஆளுநர் கூம்ப்ஸ் என்ன கொடுத்தார் தெரியுமா? ஆயிரம் டாலர், ஒரு பதக்கம், மீன்பிடிச் சாமான்கள். நாடு முழுக்க மணிபர்ஸில் அவர் ஓவியம், அவர் கையில் தூண்டில். நெய் யாருடையது, கை யாருடையது?

இரண்டாவதாக உரிமைச் சட்டம்... மணி அடித்துவிட்டது. தம்பி, இரண்டே நிமிடம்.

சீட்டைப் படியுங்கள். ஓவியர் பெயர், அவருடைய ஊர் அல்லது மொழிக்குழு, ஓவியத் தலைப்பு, உரிமம் தந்த கலை மையம், இந்த நான்கும் இருக்க வேண்டும். 'பூர்வகுடிப் பாணி' என்று மட்டும் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். வெளிநாட்டில் தைத்தது என்பதாலேயே போலி ஆகிவிடாது. உரிமம் வாங்கி, ஓவியருக்குப் பங்கு கொடுத்திருந்தால் சரிதான். கண்ணாடிக் கூடு சிறியது, ஓவியத்தை வெட்டித்தான் அச்சிட முடியும். எங்கே வெட்டுவது என்று ஓவியரைக் கேட்காவிட்டால் தையல் நீர்ச்சுனையின் நடுவே ஓடும்.

கடையில் உள்ள பூர்வகுடிப் பாணி நினைவுப்பொருட்களில் நான்கில் மூன்று வரை போலி என்று அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2022இல் சொன்னது. போலிக்குப் போலி என்று சீட்டு ஒட்டுவதைக் கட்டாயமாக்கவும் பரிந்துரைத்தது. உண்மையான ஓவியர் தன்னை நிரூபித்துக்கொண்டு அலைவானேன்? ஊரார் வீட்டு நெய்யை அள்ளுகிறவனே சொல்லிவிட்டு அள்ளட்டும்! இதைக் கேட்டு நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதிய மனு, காபி வைத்திருக்கும் மேசையில் இருக்கிறது. தமிழில் கையெழுத்துப் போடலாம்.