வராந்தாவில் ஒரு சாக்பீஸ் கோடு

(கோபிசெட்டிபாளையத்தில் ஆசிரியர் கூட்டமொன்றில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

நம் வகுப்பில் கலந்துரையாடல் என்றால் என்ன நடக்கிறது? நாம் கேள்வி கேட்போம். முதல் பெஞ்சில் நாலு பேர் கை தூக்குவார்கள். மற்ற நாற்பது பேரும் மணி எப்போது அடிக்கும் என்று உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாற்பது பேருக்காகத்தான் பேச வந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் செய்ததைச் சொல்கிறேன். வராந்தாவில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு. ஒரு முனை 'ஆம்', மறுமுனை 'இல்லை'. நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். கேள்வி: கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா? பவானிசாகரில் தொடங்கி 200 கிலோமீட்டர் ஓடி, 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாயும் வாய்க்கால். போட்டால்தான் கடைமடைக்குத் தண்ணீர் சேரும் என்கிறார்கள் ஒரு சாரார். கசிவுநீர் நின்றால் கிணறு வற்றிவிடும் என்கிறார்கள் இன்னொரு சாரார். பிள்ளைகள் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டு வளர்ந்த வழக்கு இது.

வருஷம் முழுக்க வாயே திறக்காத ஒரு பெண் 'இல்லை' முனையில் போய் நின்றாள். "ஏன் அம்மணி?" என்றேன். "எங்க தோட்டத்துக் கெணறு கசிவுத் தண்ணியிலதாங்க சார் ஊறுது" என்றாள். எதிர்முனையில் ஒரு பையன், "எங்க மாமன் காடு கடைமடையிலங்க. அங்க வாய்க்கால் தண்ணி எட்டறதே இல்லீங்க" என்றான். அவள் கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்தாள். அப்புறம் இரண்டு அடி நடுப்பக்கம் நகர்ந்தாள். அவனும் ஒரு அடி வந்தான். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையின் மனம் மாறுவதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதல் தடவை எனக்குச் சரியாக வரவில்லை. லீடர் போன பக்கமே மொத்த வகுப்பும் போய்விட்டது. அதனால் இப்போது, எழுந்திருக்கும் முன் ஆளுக்கு ஒரு வரி நோட்டில் எழுதச் சொல்கிறேன். எழுதிவிட்டால் பெரும்பாலும் எழுதிய இடத்தில்தான் போய் நிற்கிறார்கள். நகர்ந்த பிள்ளையிடம் "எதைக் கேட்டு நகர்ந்தாய்?" என்று மறக்காமல் கேளுங்கள். யாரும் கேலி பேச விடாதீர்கள். நடக்கச் சிரமப்படும் பிள்ளை இருந்தால், அதன் கருத்தை முதலில் கேட்டு, அது உட்கார்ந்திருக்கும் இடத்தையே அந்த முனையாக வைத்துக் கோட்டைப் போடுங்கள்.

பாடம் ஓடாதே என்கிறீர்களா? 15 நிமிடம் போதும். இடம் இல்லையென்றால் வேப்பமரத்தடி இருக்கிறது.

சரி, எழுந்திருங்கள். மேடைப் பக்கம் 'ஆம்', வாசல் பக்கம் 'இல்லை'. ஆறாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் வேண்டுமா? முதலில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.